தொடுகிற கைக்கு ஒரு பதிவேடு வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல லைக் மட்டும் போட்டுவிட்டுப் போங்கள். யார் படித்தார்கள், யார் படிக்காமல் லைக் போட்டார்கள் என்று கண்டுபிடிப்பது எனக்கு ஒன்றும் புதிதல்ல. முப்பது வருடம் வீட்டுப்பாட நோட்டு திருத்தியவள் நான்.

விஷயம் மசாஜ். இந்த வார்த்தையைப் படித்ததும் சிலர் முகம் ஒரு மாதிரி போயிருக்கும். குடும்பக் குழுவில் அதைப் படித்துவிட்டு அந்தச் சிரிக்கும் பொம்மையைப் போடத் தயாராக இருக்கும் மச்சான்மார்கள் யார் என்றும் எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

என்னிடம் படித்த ஒரு பெண். பெயரும் தெருவும் சொல்ல மாட்டேன். எழுதட்டுமா என்று கேட்டு, சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்து, ஸ்பா தெரபிஸ்ட் பயிற்சிக்குப் போய், சான்றிதழ் வாங்கியவள். தினமும் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, நகரத்தின் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் ‘பியூட்டி பார்லர்’ என்று அம்மா சொல்லிவிடுவார். இந்த வருடம் ஒரு வரன் வந்தது. இரண்டு பக்கமும் பேசி, தட்டு மாற்ற நாள் பார்க்கும் நேரத்தில் யாரோ போய், “பொண்ணு மசாஜ் சென்டர்ல இருக்குதாமே” என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தோடு நின்றுபோனது. என்ன ஏது என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்கவில்லை.

அவள் என்னிடம் அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். “டீச்சர், நர்ஸ் ஆம்பளைங்கள தொடலையா? ஸ்டான்லில பிசியோதெரபி பண்ற அக்கா தொடலையா? அவங்கள யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. நான் தொட்டா மட்டும் இன்னா டீச்சர்?”

நல்ல கேள்வி. ஒழுக்கம், காலம் கெட்டுப்போச்சு என்றெல்லாம் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. நான் தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

1894-ல் லண்டனில் மசாஜுக்கு இருந்த பெயர் இன்று நம் ஊரில் இருக்கும் பெயரைவிட மோசம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழ், மசாஜ் நிலையம் என்று போர்டு மாட்டிக்கொண்டு விபச்சாரம் நடக்கிறது என்று அந்த வருடம் எழுதியது. நேர்மையாக அந்தத் தொழிலைச் செய்துகொண்டிருந்த பெண்களுக்கு வெளியே தலைகாட்ட முடியாத நிலை. அப்போது செவிலியர், மருத்துவச்சி வேலை பார்த்த நான்கு பெண்கள் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதுவதோடு அவர்கள் நிறுத்தவில்லை. தேர்வு வைத்தார்கள், நடத்தை விதி எழுதினார்கள். டாக்டர் சொல்லாமல் மசாஜ் செய்யக் கூடாது. ஆண்களுக்குப் பொதுவான மசாஜ் கிடையாது. மருத்துவ இதழ் தவிர வேறெங்கும் விளம்பரம் கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது. இன்றைக்கு இவற்றில் சில நமக்குக் கறாராகத் தெரியலாம். ஆனால் விதியை மீறினால் சங்கத்தில் இடமில்லை என்ற அந்த ஒரு ஏற்பாட்டினால், சங்கத்துப் பெண் என்றால் டாக்டர் நம்பி நோயாளியை அனுப்பினார். 1920-ல் அரச சாசனம் கிடைத்தது. 1944-ல் சங்கத்தின் பெயர் மாறியது. புதிய பெயர் என்ன தெரியுமா? சார்ட்டர்ட் சொசைட்டி ஆஃப் பிசியோதெரபி.

ஆக, ஸ்டான்லியில் அந்த அக்கா செய்கிற பிசியோதெரபிக்கும், நம் பெண் செய்கிற மசாஜுக்கும் பாட்டி ஒருத்திதான். ஒரு பேத்திக்குப் பதிவேடு கிடைத்தது. இன்னொருத்திக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நர்ஸ் கதையும் இதே மாதிரிதான். வீட்டுப் பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்பத் தயங்கிய தலைமுறையை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். மதராஸ் மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகளுக்கான சட்டம் வந்தது 1926-ல். அதன்படி கவுன்சில் வந்தது, பெயர்ப் பதிவு வந்தது. பதிவு செய்தவர் தப்பு செய்தால் பெயரை நீக்கலாம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் பாதிப்பேர் இருப்பீர்கள். உங்களை முதலில் தொட்டுத் தூக்கியது அந்தப் பதிவேட்டில் பெயர் உள்ள ஒரு கைதான்.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லித்தான் நாம் கற்க வேண்டும் என்றில்லை. சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. அதில் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது விதமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அரசு சித்த மருத்துவமனைகளில் இதைச் செய்வதற்கென்றே சிகிச்சை உதவியாளர் பணியிடம் உண்டு. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்தான் ஆள் எடுக்கிறது. அதற்கென்று ஒரு டிப்ளமோ படிப்பும் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவரை யாரும் ‘மசாஜ் சென்டர்’ என்று சொல்வதில்லை, கவனித்தீர்களா?

நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரியை வரிசையில் நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற டிரைவர், கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றே வேலை செய்கிறவர். முதுகு, தோள், முட்டி என்று எங்கேயாவது ஒரு வலி இல்லாத வீடு வடசென்னையில் இல்லை. ஸ்பா என்ற வார்த்தை வருவதற்கு முன்பே சுளுக்கு எடுப்பவர், உருவி விடுபவர், நீவி விடுபவர் என்று இங்கே தெருவுக்கு ஒருவர் இருந்தார். பிரசவமான பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்து இடுப்பு உருவி, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் ஆயாக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த ஆயாக்களை உட்கார்ந்து கவனித்தால் எழுதாத ஒரு நடத்தை விதியே தெரியும். காய்ச்சல் இருந்தால் கை வைக்க மாட்டார்கள். சாப்பிட்ட கையோடு உருவ மாட்டார்கள். வயதுப் பெண்ணுக்குச் செய்யும்போது வீட்டுப் பெரியவள் ஒருத்தி கூட இருக்க வேண்டும் என்பார்கள். “இங்க அமுக்கட்டுமா, வலிக்குதா” என்று கேட்டுக்கொண்டே போவார்கள். இந்த வீட்டில் பார்த்த உடம்பைப் பற்றி அடுத்த வீட்டில் பேச மாட்டார்கள். அப்படிப் பேசுகிற ஆயாவை மறுபடி யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். சம்மதம், ரகசியம், எப்போது செய்யக் கூடாது என்ற அறிவு எல்லாமே இதில் இருக்கிறது. தெருவுக்கே எல்லோரையும் தெரிந்த காலத்தில் இது போதுமானதாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் முன்பின் தெரியாத ஒருவரின் கைக்கு உடம்பைக் கொடுக்கிற காலத்தில் இது போதாது.

அறிவு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முடி வெட்டிய பிறகு கழுத்தைப் பிடித்து ‘சடக்’ என்று திருப்பிவிடச் சொல்கிற தம்பிகள் உங்களில் பலர். தயவுசெய்து நிறுத்துங்கள். கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அப்படித் திருப்பும்போது கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்தால், நீவி விடவே கூடாது. உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதைச் சொல்லித் திருப்பி அனுப்பத் தெரிந்தவர்தான் தொழில் தெரிந்தவர்.

சரி, நம் அரசும் நீதிமன்றமும் என்ன செய்திருக்கின்றன? எனக்குத் தெரிந்தவரை எல்லாப் பேச்சும் அறையைப் பற்றி, கதவைப் பற்றி, கேமராவைப் பற்றி. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், ஸ்பா, மசாஜ் நிலையங்களில் சிசிடிவி கேமரா வைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அடுத்த மாதமே, 2022 ஜனவரியில், மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், திருச்சியில் ஸ்பா நடத்துகிறவர் தொடர்ந்த வழக்கில், இப்படிக் கேமரா வைப்பது ஒருவரின் உடல் மீது அவருக்கு உள்ள உரிமையை மீறுகிறது என்று தீர்ப்புச் சொன்னார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் சொன்னதுதான் அதற்கு அடிப்படை. என் மனசு இந்த இரண்டாவது தீர்ப்பின் பக்கம்தான். எண்ணெய் தேய்த்துப் படுத்திருக்கும் ஒருவரைப் படம் பிடிக்கும் கேமரா, யாரைக் காப்பாற்றப் போகிறது? அந்தப் பதிவு யார் போனுக்குப் போகும் என்று யார் உத்தரவாதம் தருவார்?

டெல்லி அரசு 2021-ல் வழிகாட்டு விதி கொண்டுவந்தது. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்றுதான் மசாஜ் செய்ய வேண்டும் என்று அதில் ஒரு விதி. டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை அதே வருடக் கடைசியில் நிறுத்தி வைத்தது. எனக்கு யாராவது செய்வதென்றால் பெண்தான் வேண்டும் என்பேன். அது என் விருப்பம். அதேபோல், ஆண் வாடிக்கையாளருக்குச் செய்ய மாட்டேன் என்று ஒரு பெண் சொன்னால் அதற்காக அவள் வேலை போகக் கூடாது. கேட்கும் உரிமையும் மறுக்கும் உரிமையும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒட்டுமொத்தமாகத் தடை போடுவது யோசிக்கச் சோம்பல்பட்டவர்கள் செய்கிற வேலை. அப்படிப் பார்த்தால் ஆர்த்தோ வார்டில் பாதிப் பேருக்கு வைத்தியம் நடக்காது.

2021-ல் மத்திய அரசு, டாக்டர், நர்ஸ் அல்லாத மற்ற சுகாதாரத் தொழிலாளர்களுக்காக ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. பிசியோதெரபிஸ்ட் அதற்குள் வந்துவிட்டார். ஸ்பாவில் மசாஜ் செய்கிற பெண் வரவில்லை. அவள் கையில் இருக்கும் சான்றிதழ் அவளுக்குத் தொழில் தெரியும் என்று சொல்லும். அவள் மேல் புகார் வந்தால் யாரிடம் போவது, அவளுக்கு ஒரு கஷ்டம் என்றால் யார் முன்னால் நிற்பார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. இப்போது தப்பு நடந்தால் போலீஸ் ரெய்டு, டிவியில் முகத்தை மறைத்து நடத்திக் கூட்டிப்போகும் காட்சி. நடக்காவிட்டாலும் அதே சந்தேகம். இடையில் ஒன்றுமே இல்லை.

கனடாவில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு நான் சொல்லப்போவது தெரிந்திருக்கும். ஸ்கார்பரோவில் இருக்கும் என் தங்கை மகன் தோள்வலிக்காக ஆர்.எம்.டி.யிடம் போகிறான். பதிவு பெற்ற மசாஜ் தெரபிஸ்ட் என்று அர்த்தம். ஒன்டாரியோவில் 1991-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். கண்காணிக்கும் அமைப்புக்குப் பெயர் காலேஜ். ஆனால் அது பாடம் நடத்துவதில்லை, தொழில் செய்பவர்களை மேய்ப்பதுதான் அதன் வேலை! பதிவு இல்லாதவர் மசாஜ் தெரபிஸ்ட் என்று போர்டு போட முடியாது. யார் பெயரை வேண்டுமானாலும் இணையத்தில் தட்டிப் பார்க்கலாம். ஒழுங்கு நடவடிக்கை இருந்தால் அதுவும் தெரியும்.

அங்கே என்ன நடக்கிறது என்று அவனிடம் விலாவாரியாகக் கேட்டேன். முதலில் உட்கார வைத்து நோய் விவரம் கேட்கிறார்கள். எங்கெங்கே தொடுவேன், ஏன் என்று சொல்லிச் சம்மதம் வாங்குகிறார்கள். உடை மாற்றும்போது தெரபிஸ்ட் வெளியே போய்விடுகிறார். போர்வை போர்த்தி, வேலை செய்கிற இடத்தை மட்டும் திறந்து, முடிந்ததும் மூடுகிறார். நடுவில் வேண்டாம் என்றால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். மார்பு, பிட்டம், உள்தொடை மாதிரி இடங்களுக்கு எழுத்தில் சம்மதம் வேண்டும். எல்லாம் குறிப்பேட்டில் ஏறுகிறது. நோயாளியோடு உடலுறவு கொண்டால் உரிமம் பறிபோகும். நோயாளியே விரும்பினார் என்ற சாக்கு அங்கே எடுபடாது. சிகிச்சை முடிந்து ஒரு வருடம் வரைக்கும்கூட அவர் நோயாளியாகவே கணக்கு.

படிக்கும்போது இதெல்லாம் வாடிக்கையாளரைக் காப்பாற்றும் விதிகள் மாதிரித் தெரியும். நம் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். அவள் சொன்னது: “டீச்சர், இது எனக்கு இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும். ‘எக்ஸ்ட்ரா எவ்ளோ’ன்னு ஒருத்தன் கேட்டா, இந்தப் பேப்பர காட்டி, ‘சார், என் லைசென்ஸ் போய்டும்’னு சொல்லிட்டு வெளிய வந்துடுவேன். இப்ப அப்டி வந்தா மேனேஜர் என்னத்தான் திட்டுவாரு.”

நான் யோசிக்காத கோணம் இது. விதி கையைக் கட்டும் என்று நினைக்கிறோம். அவளுக்கு அது பிடித்துக்கொள்ள ஒரு சுவர். பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்றபோது ஆசிரியர் அறையில் என்ன புலம்பல்! ஆனால், “டீச்சர், நல்லா நாலு போடுங்க” என்று வாசலில் வந்து நிற்கும் அப்பாக்களிடம், “சட்டம் இருக்குங்க, முடியாது” என்று சொல்லும் வசதியும் அதனால்தான் வந்தது.

லைசென்ஸ் என்றாலே லஞ்சம், இன்னொரு ஆபீஸ், இன்னொரு கையெழுத்து என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அது நியாயமான பயம். அதனால்தான் போலீஸிடமோ மாநகராட்சி இன்ஸ்பெக்டரிடமோ இந்தப் பதிவேட்டைக் கொடுக்கக் கூடாது என்கிறேன். நர்ஸ் கவுன்சில் மாதிரி, தொழில் செய்பவர்களும் மருத்துவர்களும் சேர்ந்த ஒரு கவுன்சில் வேண்டும். சுளுக்கு எடுக்கும் தாத்தாவையும் குழந்தை குளிப்பாட்டும் ஆயாவையும் பரீட்சை எழுதச் சொல்லி விரட்டக் கூடாது. அவர்கள் அனுபவத்தைக் கணக்கில் எடுத்து, எப்போது கை வைக்கக் கூடாது என்பதை மட்டும் நாலு நாள் சொல்லிக் கொடுத்து, அவர்கள் பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.

கவுன்சில் வரும்போது வரட்டும். இன்றைக்கே இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன், ஸ்பா, பார்லர் வேலையில் இருக்கும் என் பிள்ளைகள் கவனியுங்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் உங்களுக்கும் பொருந்தும். முதலாளி, மேனேஜர் மட்டுமல்ல, அங்கே வந்து போகும் வெளியாட்களிடமிருந்தும் உங்களைப் பாதுகாப்பது முதலாளியின் கடமை என்று அதன் 19-வது பிரிவு சொல்கிறது. வாடிக்கையாளரும் அதில் அடக்கம். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானால், அங்கே கமிட்டி இல்லை என்று கையை விரிக்க வேண்டியதில்லை. மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு அதற்காகவே இருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், கூட வருகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை.

வரன் பார்க்கும் உறவுகளுக்கு: அடுத்த தடவை ஒரு பெண் மசாஜ் தெரபிஸ்ட் என்று கேள்விப்பட்டால், எங்கே பயிற்சி எடுத்தாள், எத்தனை வருட அனுபவம் என்று கேளுங்கள். பையன் வெல்டர் என்றால் அப்படித்தானே கேட்பீர்கள்?

கனடாப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் ஆர்.எம்.டி. முதல் நாள் நிரப்பச் சொல்லும் நோய் விவரப் படிவம், சம்மதப் படிவம் இரண்டையும் காலியாக, உங்கள் விவரம் எதுவும் இல்லாமல், போட்டோ எடுத்து அனுப்புங்கள். நான் தமிழில், நம் ஊர் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். இங்கே என்னிடம் படித்த இரண்டு பிசியோதெரபிஸ்ட்கள் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் பெண் அதைத் தன் மேனேஜரிடம் காட்டிப் பார்க்கிறேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் நல்லது.